பால்மா ரின்னில் வந்த மண்

இதை எனக்கு முதன்முதல் சொன்னது பூமணியக்கா. போன மாசியில, சிவராத்திரி விரதத்துக்குச் சாமான் வாங்கப் போன அண்டைக்கு. தமிழ்க்கடையில மீன் கிடக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. "பாக்கியம், ஆஸ்பத்திரியில உனக்குச் சொன்ன கதையெல்லாம் பூச்சு. உன்ர பெடியனை இருட்டுக்குள்ள மலையில ஏத்தி விழுத்தினது அந்த நிதுசன்தான்" எண்டு.

அதுவரைக்கும் நான் ஒருத்தரையும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. இப்பவும் சொல்லுறதில்லை. நீங்கள் கேட்டபடியால்தான், தங்கச்சி. நீங்களாத்தானே வந்து கதவைத் தட்டினனீங்கள். "அக்கா, நான் பொம்பிளையின்ர சின்னம்மா, பிரான்ஸில இருந்து வந்திருக்கிறன், எதிர்வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாமோ" எண்டு நீங்களாத்தான் கேட்டனீங்கள். கேட்டு வந்தவைக்கு மறைக்கிறது பாவம். ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை எல்லோ.

இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. சீனி காணுமோ?

உங்கட மாப்பிள்ளை நிதுசன்ர இடக்கைச் சுண்டுவிரல் பாதியோட நிக்கிறதைக் கண்டனீங்கள் எண்டு சொன்னனீங்கள். அவன் கேக் தட்டை நீட்டேக்க பொம்பிளை ஆரணி கண்டு, உங்கட காதுக்குள்ள கேட்டவ. அவன்ர தாய்க்காரி விமலா, "அது பனி கடிச்சது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு குசினிக்குள்ள எழும்பிப் போட்டா. பாத்தீங்களே? முழுக்கச் சொல்லேல்லை. முழுக்கச் சொன்னால் என்ர பிள்ளையின்ர பேர் வரும், என்ர பிள்ளையின்ர கால் வரும். அதுதான் எழும்பிப் போனவ.

உந்த யன்னலால பாருங்கோ. அந்த மலைதான். இப்ப வடிவாத்தான் இருக்கு, கலண்டர் படம் மாதிரி. பகல் முழுக்க வெள்ளைக்காரர் காலில நீட்டுப் பலகை பூட்டிக்கொண்டு ஸ்கீ ஓடுவினம். எங்கட பிள்ளையள் ஹோட்டல் குசினியில நிண்டு அவைக்குக் கிழங்கு பொரிச்சுக் குடுக்கும். என்ர மகன் துவாரகனும் அப்பிடித்தான், சமையல் படிச்ச பிள்ளை, அந்தப் பெரிய ஹோட்டலில வேலை. நிதுசன் மலையேத்திற லிஃப்றில வேலை, ஆக்களை மேல ஏத்தி விடுறது. ரெண்டும் ஒரே வகுப்பில படிச்சதுகள். சின்னனில என்ர மடியில இருந்துதான் ரெண்டும் சோறு தின்னும். ஒரு கோப்பை, ரெண்டு வாய். நினைச்சுப் பாருங்கோ, அந்த வாய்க்கு நான் குழைச்சு ஊட்டியிருக்கிறன்.

பின்னேரம் லிஃப்ற் நிண்டுபோம். மலை இருண்டுபோம். அங்க ஒரு லைற் இல்லை, ஒண்டுமில்லை. ஆனா இவங்களுக்கு அப்பதானே வேலை முடியும். நெத்தியில ஒரு சின்ன லைற்றைக் கட்டிக்கொண்டு, பலகையைத் தோளில காவிக்கொண்டு நடந்து ஏறி, பிறகு அந்த இருட்டுக்குள்ள மேல இருந்து கீழ சறுக்கி வாறது. செய்யக்கூடாதெண்டு சிவப்புப் பலகையில எழுதிப் போட்டிருக்கு. எண்டாலும் செய்வாங்கள்.

துவாரகன் ஒருக்கால் எனக்குச் சொன்னவன். "அம்மா, பூரணை நிலவில பனி நீலமாக் கிடக்கும். லைற்றையும் நூத்துப்போட்டு வருவன். பலகை உரசிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இராது. மூலஸ்தானத்துக்குள்ள தனிய நிக்கிற மாதிரி இருக்கும்" எண்டு. கோயிலுக்கு வாடா எண்டு கெஞ்சினால் வரமாட்டான், உதைக் கோயில் எண்டுவான். இதை என்ர பிள்ளை தானா யோசிச்சுச் சொல்லியிருக்குமோ? ஆரோ பழக்கி விட்டதுதானே? லிஃப்றில வேலை செய்யிறவன் ஆர்?

கேட்டனான், துவாரகனிட்டையே கேட்டனான். "அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. நான் பள்ளிக்கூடக் காலத்தில இருந்து ஓடுறன். நிதுசனுக்கு இருட்டில ஓடவே தெரியாது. அவன் எப்பவும் என்னைப் போகாதை எண்டுதான் மறிக்கிறவன்" எண்டான். பாத்தீங்களே, என்ர பிள்ளை காட்டிக் குடுக்க மாட்டான். தகப்பனும் அப்பிடித்தான். செத்துப்போகுமட்டும் ஒருத்தரையும் காட்டிக் குடுக்காத மனுசன்.

சரி, அண்டைக்கு நடந்ததைச் சொல்லுறன்.

தைப்பூசம். இங்க கோயிலுக்கு ரெயின் எடுத்துப் போகவேணும். நான் பால்செம்பு எடுக்கிறதெண்டு நேர்த்தி. துவாரகன் காவடி எடுக்கிறதெண்டு, அதுவும் நான்தான் அவனுக்காக வைச்ச நேர்த்தி. அவன் ஹோட்டலில லீவும் எடுத்தவன். நாள் முழுக்க வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டன், வரேல்லை. மற்றப் பிள்ளையள் எல்லாம் காவடியோட ஆடுதுகள், என்ர பிள்ளையின்ர காவடி மட்டும் சுவரோட சாத்தினபடி நிக்குது. மயிலிறகு என்னைப் பாக்கிற மாதிரி. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ. பூமணியக்கா வேற பக்கத்தில நிண்டு, "என்ன பாக்கியம், காவடிக்கு ஆள் இல்லையோ" எண்டு கேட்டவ.

பின்னேரம் வீட்டை வந்தால் வீடு இருட்டு. அவன்ர பலகையும் இல்லை. யன்னலால பாத்தால் மலைக்குப் பின்னால நிலவு எழும்புது. எனக்கு விளங்கீட்டுது. ரெலிபோன் அடிச்சன், எடுக்கேல்லை. உடன நிதுசனுக்கு அடிச்சன். "தம்பி, அவன் மலைக்குப் போட்டான். நீ போய்க் கையோட கூட்டிக்கொண்டு வா. பூசை முடிய முன்னம் கோயிலுக்குக் கொண்டுபோகவேணும். அவனை விட்டிட்டு மட்டும் வராதை" எண்டு நானே என்ர வாயால சொன்னனான். அவன், "மாமி, மெசின் வெளிக்கிட்டிருக்கும், இப்ப ஏறக்கூடாது" எண்டு ஏதோ சாட்டுச் சொன்னவன். நான் விடேல்லை. அழுதனான். அதுக்குப் பிறகுதான் "சரி, போறன்" எண்டவன்.

பாருங்கோ தங்கச்சி, ஒரு தாய் அழுதழுது கேட்டும், அவன் என்ர பிள்ளையை முழுசாக் கொண்டுவரேல்லை.

என்ன கேக்கிறியள்? நான் அடிக்கேக்க அவன் எங்க நிண்டவன் எண்டோ? வீட்டிலதான். விமலா பின்னால நிண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ" எண்டு கேட்டது ரெலிபோனுக்குள்ள எனக்கும் கேட்டது. அதைப் பூமணியக்காவிட்டைச் சொன்னனான். "அதெல்லாம் நடிப்பு, முன்னமே மலையில துவாரகனை ஏத்தி விட்டிட்டு வந்து நல்லபிள்ளை மாதிரிச் சோறு தின்னிறான்" எண்டவ. அவவுக்குத் தெரியாததோ? இந்த ஊரில எல்லாற்றை சங்கதியும் அவவுக்குத் தெரியும். தன்ர மகள் சுபாங்கிக்கு நிதுசனைக் கேட்டு, அவன் மாட்டன் எண்டவன். அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய் வந்தவ எண்டபடியால் அவவுக்கு ஆக்களின்ர குணம் நல்லாத் தெரியும்.

இனி மெசினைச் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. ஆக்கள் ஓடி ஓடிப் பனியைக் கிளறிப் போடுங்கள் எல்லோ, அதைப் பின்னேரத்தில ஒரு பெரிய மெசின் வந்து மட்டப்படுத்தும். செங்குத்தான இடத்தில அது தானா ஏறாது. மேல ஒரு தூணில இரும்புக் கயிறு ஒண்டைக் கொழுவிப்போட்டு, அந்தக் கயிறைச் சுத்திச் சுத்தித் தன்னை இழுத்துக்கொண்டு ஏறும். மெசின் கீழ எங்கேயோ நிக்கும், கயிறு மலை முழுக்க நீட்டுக்குக் கிடக்கும். சில நேரம் பனிக்குள்ள படுத்துக் கிடக்கும், சில நேரம் விண்ணெண்டு எழும்பி நிக்கும். இருட்டில சறுக்கி வாறவனுக்கு அது தெரியவே தெரியாது. அதுக்குத்தான் அந்தச் சிவப்புப் பலகை.

துவாரகன் நிலவில வந்தவன். முகில் மூடியிருக்கு. கயிறு எழும்பி நிண்டிருக்கு. வலது கால், முழங்காலுக்குக் கீழ.

கொஞ்சம் பொறுங்கோ. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுறன்.

நிதுசன் பலகை கொண்டு போகேல்லை. சப்பாத்தோட, நெத்தி லைற்றோட, கரையால நடந்து ஏறினவனாம். துவாரகன் கத்தின சத்தம் கேட்டுப் போனவனாம். துவாரகனின்ர லைற் உடைஞ்சு போச்சு, ரெலிபோன் ரெண்டும் குளிரில செத்துப்போச்சு. கயிறு துவாரகனின்ர காலுக்கு மேல கிடக்குது. கீழ மெசின் உறுமிக்கொண்டு ஏறுது. மெசின் அசைய அசையக் கயிறும் அசையுது. உடன அவன் தன்ர லைற்றைக் கழட்டி என்ர பிள்ளையின்ர நெத்தியில கட்டிப்போட்டு, தன்ர ஜக்கெற்றைப் போத்துப்போட்டு, கையுறையையும் கழட்டி இவன்ர கையில மாட்டிப்போட்டு, "நீ லைற்றை ஆட்டிக்கொண்டே இரு" எண்டு சொல்லிப்போட்டு, அந்த இருட்டுக்குள்ள இறங்கினவன். வழி தெரியாதெல்லோ. இரும்புக் கயிறு மெசினிட்டைத்தானே போகும். அதில கையை வைச்சுக்கொண்டு, குந்தியிருந்து சறுக்கிச் சறுக்கிப் போயிருக்கிறான். வெறுங்கை. அந்தக் குளிரில இரும்பு தோலோட ஒட்டிப் பிடிக்கும். போய் மெசினுக்கு முன்னால நிண்டு கத்தி மறிச்சவனாம்.

இது பொலிஸ் சொன்னது. மெசின் ஓடின வெள்ளைக்காரனும் அப்பிடித்தான் சொன்னவன், அவன் கதைக்கேக்க அழுதும் போட்டான். அவையளுக்கு எங்கட ஆக்களின்ர சூது தெரியாது.

நான் யோசிச்சுப் பாத்தனான், தங்கச்சி. விளக்கு வைச்சுப்போட்டு சாமிக்கு முன்னால இருந்து ஒவ்வொண்டா யோசிச்சுப் பாத்தனான். ஏன் லைற்றை என்ர பிள்ளையின்ர நெத்தியில கட்டினவன்? தன்னை ஒருத்தரும் காணக்கூடாதெண்டுதானே? ஏன் இவனைத் தனிய விட்டிட்டுக் கீழ ஓடினவன்? நான் என்ன சொன்னனான்? விட்டிட்டு மட்டும் வராதை எண்டு சொன்னனானோ இல்லையோ? ஏன் அவன்ர கையுறை என்ர பிள்ளையின்ர கையில? தான் அங்க நிண்டதுக்கு ஒரு அடையாளம் வேணும், நல்ல பேர் வேணும். அந்த விரலையும் அதுக்குத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரியிறான். சரி, அவன் காட்டேல்லை. கையைச் சட்டைப்பைக்குள்ள வைச்சிருப்பான். ஆனா ஆக்கள் காணுறமாதிரித்தானே வைச்சிருக்கிறான்.

அவனுக்கு அரை விரல். என்ர பிள்ளைக்கு ஒரு கால். நீங்களே நிறுத்துப் பாருங்கோ.

பூமணியக்கா சொன்ன அண்டைக்கே நான் முடிவெடுத்திட்டன். சண்டைக்குப் போகேல்லை. எனக்கு ஆரோடையும் சண்டை பிடிக்கத் தெரியாது. நான் சாமியிட்டைப் பாரங்குடுக்கிற மனுசி. அவன்ர காலை முறி எண்டு நான் கேக்கேல்லை, அது பாவம். அவன் ஆசைப்பட்ட ஒண்டு அவன்ர கைக்கு எட்டிற நேரத்தில வழுக்கிப் போகவேணும் எண்டுதான் கேட்டனான். அது நியாயம்தானே?

ஊரில எங்கட பக்கத்துக் காணிக்காரி, வேலியை அரக்கித் தன்ர நிலத்தைப் பிடிச்சவனுக்கு மண்ணை அள்ளித் தூத்தினதை நான் சின்னனில கண்டிருக்கிறன். தலைமயிரை விரிச்சுவிட்டு, ரெண்டு கையாலையும் அள்ளி. அந்த மனுசன் அடுத்த மாரிக்கு உயிரோட இல்லை. அப்பிடித் தூத்துவம் எண்டு விடியப்புறம் குளிச்சு, தலைமயிரை விரிச்சு, கதவைத் திறந்தால் எங்க மண்? எங்க பாத்தாலும் பனி. இந்த நாட்டில ஒரு ஏழை பாழை சாபம் போடவும் வழியில்லை.

சரி, பனி எண்டாலும் பூமியில கிடக்கிறதுதானே எண்டு, படிக்குப் பக்கத்தில குவிஞ்சு கிடந்த பனியை ரெண்டு கையாலையும் அள்ளி, அவன்ர வீட்டுப் பக்கம் தூத்தினன். "நீ நல்லா இராய்" எண்டு சொல்ல வாயைத் திறந்தனான், எதிர்க்காத்து அடிச்சு எல்லாம் என்ர முகத்திலையும் வாய்க்குள்ளையும் வந்து விழுந்தது. பாத்தால் அவன் கீழ்ப்படியில நிக்கிறான், பனி அள்ளிற சவளோட. ஓம், அவன்தான் விடியப்புறத்தில வந்து எங்கட படிப் பனியை வழிக்கிறவன். துவாரகன் விழுந்த நாளில இருந்து ஒரு நாள் தவறினதில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேற என்ன.

"மாமி, என்ன, பனி விளையாட்டோ?" எண்டு சிரிச்சான். சிரிச்சுப்போட்டு, அவனும் ஒரு பிடி அள்ளி உருட்டி என்ர சீலையில எறிஞ்சான். பிறகு, "தலையைத் துடையுங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது" எண்டு தன்ர கழுத்துத் துணியைக் கழட்டித் தந்தான். துவாரகன் யன்னலுக்குள்ள இருந்து பாத்திட்டுக் கைதட்டிச் சிரிக்கிறான். விழுந்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான் என்ர பிள்ளை சிரிச்சது. அந்தச் சிரிப்பையும் அவன்தான் பறிச்சுக்கொண்டு போனான், நான் குடுக்கேல்லை. எனக்கு எப்பிடி எரிஞ்சிருக்கும்?

பனி கரைஞ்சு போம். சாபமும் அதோட கரைஞ்சு போம் எண்டு பிறகுதான் எனக்குப் பட்டது. மண்தான் வேணும். அதுவும் எங்கட அம்மாளாச்சி கோயில் வீதி மண்.

ஆடியில விமலா குடும்பம் ஊருக்குப் போச்சுது. நான் என்ன செய்தனான் தெரியுமே? நிதுசனையே கூப்பிட்டு, "தம்பி, அம்மாளாச்சி கோயில் வீதியில ஒரு பிடி மண் எடுத்து வாவன், துளசி நடுறதுக்கு" எண்டு சொன்னன். அவன்ர கையாலேயே வரட்டும் எண்டு. அது பொய்யில்லை, பிறகு துளசி நட்டனான்தானே.

கொண்டுவந்தான். பால்மா ரின் நிறைய. மண் கொண்டுவரக்கூடாதாம், பிடிச்சால் தண்டமாம், உடுப்புக்குள்ள சுத்தி ஒளிச்சுக் கொண்டுவந்தவன். "மாமி, செருப்பைக் கழட்டிப்போட்டு, தேர் நிக்கிற முட்டியடியில எடுத்தனான். ஐயரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் எடுத்தனான். விதை இங்க கிடையாதெண்டு துளசி விதையும் வாங்கி வந்தனான்" எண்டு ரின்னை ரெண்டு கையாலையும் தந்தான். துவாரகனின்ர பேரில அர்ச்சனை செய்து திருநீறும் கொண்டுவந்தவன். பாருங்கோ, எவ்வளவு கெட்டித்தனமா வேசம் போடுறான்.

உந்த யன்னலடியில நிக்கிறதுதான் துளசி. விதையைப் போட்டுத்தான் பாத்தன், முளைக்காது எண்டு நினைச்சன், இப்பிடிச் சடைச்சு நிக்குது. ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைச்சிட்டு, அதின்ர அடியில ஒரு நுள்ளு மண் எடுத்து, யன்னலைத் திறந்து, அவன்ர வாசல் பக்கம் தூத்துவன். கிள்ளிக் கிள்ளி எடுத்து இப்ப வேர் தெரியுது. செடி பட்டுப்போகாமல் இருக்கக் கடை மண் வாங்கி மேலால நிரப்பி வைச்சிருக்கிறன். செடியில எனக்கு ஒரு கோவமும் இல்லை.

ஆனா என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை. லிஃப்றில அவனைப் பொறுப்பாளரா ஆக்கினவை. விமலாவின்ர முதுகுநோ சுகமாப் போச்சு. பிறகு, உங்கட ஆரணி. அந்தப் பிள்ளையில அவன் உயிராம். துவாரகன்தான் சொன்னவன். ரெண்டு பேரும் ஒரு கலியாண வீட்டில கண்டு கதைச்சு, இவன் தாயிட்டைச் சொல்லி, முறையாக் கேட்டு வந்ததாம். "அவனுக்கு அந்தப் பிள்ளை கிடைக்காட்டி அவன் உடைஞ்சு போவான் அம்மா" எண்டு துவாரகன் சொன்னவன். அதைக் கேட்ட அண்டைக்கு நான் சாமியறையில கனநேரம் இருந்தனான்.

அம்மாளாச்சிக்குக் கண் இல்லையோ எண்டு நான் கேளாத நாளில்லை. இண்டைக்குக் காலமையும் கேட்டனான். கேட்டு வாய் மூடேல்லை, நீங்கள் கதவைத் தட்டிறியள். "எதிர்வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தனான்" எண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, தங்கச்சி. இதோ பாருங்கோ, இப்பவும் கையில. உங்களை ஆர் அனுப்பினது எண்டு எனக்குத் தெரியும்.

இல்லை, குடிக்கிறானோ எண்டு கேட்டால் இல்லை. சிகரெட்டும் இல்லை. தாயில பட்சம். காசுப் பழக்கம் நல்லம். கோயிலில அன்னதானத்துக்குக் கிடாரம் தூக்குவான், அந்த விரலோடையும் தூக்குவான். நான் இல்லாததைச் சொல்லமாட்டன். உள்ளதைத்தான் சொல்லுறன். எல்லாம் இருக்கு, ஆனா இருட்டுக்குள்ள கூட்டாளியை விட்டிட்டு ஓடினவன். அந்த ஒண்டு காணாதோ? நாளைக்கு உங்கட பிள்ளையையும் ஒரு இருட்டுக்குள்ள விட்டிட்டு ஓடமாட்டான் எண்டு என்ன நிச்சயம்?

அது என்ன சத்தம் எண்டோ பாக்கிறியள்? ரொக், ரொக் எண்டு? அது துவாரகன். அறைக்குள்ள நடக்கிறான். ஒரு கிழமையா இதுதான் வேலை. பொய்க்காலோட, ஊண்டுற பொல்லில்லாமல் நடந்து பழகிறான். நிதுசன் அவனைத்தான் மாப்பிள்ளைத் தோழனாக் கேட்டிருக்கிறான். "பொல்லோட வந்தாலும் நீதான்ரா, வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" எண்டானாம். என்ர பிள்ளை அதைப் பிடிச்சுக்கொண்டு, கதிரையைப் பிடிச்சு, சுவரைப் பிடிச்சு, வேர்த்து வழிய நடக்கிறான். வைத்தியர் சொல்லி நடக்கேல்லை, நான் கும்பிட்டுக் கேட்டு நடக்கேல்லை. நேற்று, "அம்மா, இஞ்ச பாருங்கோ" எண்டு கதவில இருந்து யன்னல் வரைக்கும் ஒண்டையும் பிடிக்காமல் வந்தான். முகத்தைப் பாக்கவேணும் நீங்கள்.

அதிலயும் ஒரு சூது இருக்கு. சபைக்கு நடுவில என்ர நொண்டிப் பிள்ளையைப் பக்கத்தில நிப்பாட்டி, தான் வடிவாத் தெரியப் பாக்கிறான். அந்தச் சபை நடக்கக்கூடாது. நடக்க விடமாட்டன். துவாரகன் ரெண்டு நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருப்பான், பிறகு சரியாப் போம். அவன் என்னோட இப்பவும் கனக்கக் கதைக்கிறதில்லைத்தானே.

என்ன தங்கச்சி, கண் கலங்கிறியள்? பாவம், உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு, அதுதான். ஒரு தாயின்ர மனம் இன்னொரு தாய்க்குத்தான் விளங்கும். ஆரணியின்ர தாய் தகப்பனிட்டை இதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் சொன்ன மாதிரியே, முதலில இருந்து கடைசி வரைக்கும் சொல்லுங்கோ. கயிறு, லைற், கையுறை, எல்லாம். கேட்டால் அவைக்கே விளங்கும், அவன் எப்பிடிப்பட்டவன் எண்டு.

போகப் போறியளோ? இன்னொரு தேத்தண்ணி? வேண்டாமோ. சரி, அங்க தேடப்போகினம். இந்தத் துளசியில ஒரு கொத்துக் கிள்ளித் தாறன், கொண்டு போங்கோ. தடிமனுக்கு நல்லது. ஊர் மண்ணில வந்தது.

வெளியில பனி துமிக்கத் துவங்கீட்டுது. படியில கவனமா இறங்குங்கோ, வழுக்காது, காலமை அவன் உப்புப் போட்டவன். தங்கச்சி, ஒரு சின்ன உதவி. கீழ்ப்படியில சவள் கிடக்கும். அப்பிடியே விட்டால் விடியிறதுக்குள்ள பனி மூடிப்போடும். அதை எடுத்து இந்தக் கதவுக்குப் பின்னால சாத்தி வைச்சிட்டுப் போங்கோ. காலமை நிதுசன் வந்து தேடுவான்.